கை மூடினால் நிறுத்து

கிரேன்காரருக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. கேபினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் தலை கூரையில் இடித்தது. கீழே இறங்கினால் மேலே எதையோ அணைக்காமல் விட்டுவந்த மாதிரி உறுத்தியது. ஏணியில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்த மனுஷர், ஒரு வேலையும் இல்லாமல் ஏறினார், இறங்கினார்.

கப்பல்களைப் பழுது பார்க்கும் யார்டு அது. வேலை முடிந்து பாதிப் பேர் வீட்டைப் பார்க்கப் போக, மீதிப் பேர் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் கூடைப்பந்து ஆடுவார்கள். கிரேன்காரர்தான் கோச். இளவட்டத்தில் ஆடியவர். முழங்கால் போனதும் பந்தை விட்டுவிட்டு விசிலை எடுத்துக்கொண்டார். அதுவரை அது ஒரு பொழுதுபோக்கு. திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு அதையும் கெடுத்தார்.

"தலைமை ஆபீஸ் டீமுக்குக் கார்டுன்னு ஒரு ஆட்டக்காரன் வேணுமாம், பந்தைக் கொண்டுபோறவனாம். நிரந்தர வேலை தர்றாங்க. நம்மகிட்ட ரெண்டு பேர் இருக்காங்களாமே, ரெண்டு பேருமே கான்ட்ராக்ட் ஆளுங்க. யார் நல்லா ஆடுவான்னு எனக்கு என்ன தெரியும்? பந்து உருண்டைன்னு தெரியும். நீங்கதானே கோச். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தன் பேரைச் சொல்லுங்க."

"ஆடிப் பாத்துப் பிடிக்கலேன்னா சார்?"

"ஆறு மாசம் பாப்பாங்க. சரியில்லேன்னா அனுப்பிடுவாங்க. இங்க அந்த இடம் காலியா இருக்குமான்னு கேக்காதீங்க. இருக்காது."

அந்த இரண்டு பேரில் ஒருவன் ஸ்பிரிங். பெயின்ட் அடிப்பவன். கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன். தரையில் நின்றால் குதிகால் தரையில் படாது. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போதுகூட முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தப் பேர்.

இன்னொருவன் அமுக்கன். கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டும் சிக்னல்மேன். கிரேன்காரருக்கு மேலிருந்து பாதி இடம் தெரியாது. கொக்கியில் தொங்கும் தகடு எங்கே போகிறது, எவன் தலைக்கு நேராகப் போகிறது என்பதெல்லாம் அமுக்கனின் கையைப் பார்த்துத்தான் தெரியும். விரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. கையை மூடி உயர்த்தினால் நிறுத்து. தூக்கவும் இறக்கவும் சிக்னல்மேன் சொல்ல வேண்டும். நிறுத்த மட்டும் கிரேனுக்குக் கீழே நிற்கிற எவன் சொன்னாலும் நிறுத்த வேண்டும், கூட்டிப் பெருக்குகிறவன் சொன்னாலும் சரி. அது யார்டின் சட்டம். வாய்ப்பேச்சுக்கு அங்கே வேலையில்லை, சுத்தியல் சத்தத்தில் காதில் விழவும் விழாது. அமுக்கனுக்கோ சத்தமில்லாத இடத்திலும் வாய் திறக்காது.

அவன் கிரேன்காரரின் மனைவிக்குத் தம்பி. அவர் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறான். சிக்கல் அங்கேதான்.

*

சாப்பாட்டு அறையில் பேச்சு வேறு எதுவுமே இல்லை. பெயின்டர்களின் மேஸ்திரி ஒரு பக்கம், ஸ்டோர்காரர் ஒரு பக்கம். ஸ்டோர்காரர்தான் எல்லா மேட்சுக்கும் ஸ்கோர் குறிக்கிறவர். ஆணி கேட்டால் எண்ணிக் கொடுக்கிற ஆள், கூடையை எண்ணாமல் விடுவாரா?

"ஸ்பிரிங் போட்டதுதான் அதிகம். அதுல பேச்சே கிடையாது," என்றார் மேஸ்திரி.

"போட்டது அதிகம். எறிஞ்சது அதைவிட அதிகம். உன் ஆளு பத்து எறிஞ்சா நாலு விழுது. அமுக்கன் அஞ்சு எறிஞ்சாலே மூணு விழுது. நீ பாதி டப்பா பெயின்டைத் தரையில ஊத்திட்டு வந்து நின்னா, நான் அடுத்த டப்பா குடுப்பேனா?"

"அவன் எறியலேன்னா யாரு எறியறது? உங்க கிரேன் கூட்டமா? ரிங்குக்குக் கீழ பந்து கிடைச்சா, அடுத்தவன் குழந்தையைக் கையில வாங்குன மாதிரி முழிப்பானுங்க."

நாலு பக்கமும் சிரிப்பு. கிரேன்காரர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பாஸ் எடுத்துக்கோ," என்றார் ஸ்டோர்காரர். "அமுக்கன் குடுத்தா, வாங்குறவன் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாலும் கைக்கு வரும். ஸ்பிரிங் குடுத்த பாஸ் ஒண்ணு ஸ்டோர் ஜன்னலுக்கு வந்துச்சு. கண்ணாடி மாத்துனது நான்."

"டிஃபென்ஸ்ல சொல்லு. எத்தனை பந்தைப் பறிச்சிருக்கான் எங்காளு!"

"பறிக்கப் பாஞ்சு, எதிராளி பக்கத்துல புகுந்து போனது எத்தனைன்னு சொல்லட்டுமா? அமுக்கன் பறிக்கவே மாட்டான், சும்மா முன்னால நிப்பான். அவ்வளவுதான், எதிர்ல வந்தவன் சலிச்சுப்போய் பந்தை வேற எவன்கிட்டயாவது தள்ளிட்டுப் போயிடுவான். அதை நான் எந்தக் கணக்குல குறிக்கிறது, சொல்லு."

மேஸ்திரி அவரை விட்டுவிட்டு கிரேன்காரர் பக்கம் திரும்பினார்.

"என்னண்ணே, வாயே திறக்க மாட்டேங்கிறீங்க? வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றீங்களா?"

சிரிப்பு முன்பைவிடப் பெரிதாக எழுந்தது. கிரேன்காரரும் சிரித்தார். முகம் மட்டும்தான் சிரித்தது. அவர் கண்ணுக்கு அமுக்கன்தான் உசத்தி. ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அது பார்க்கிற கண்ணா, பெண் எடுத்த வீட்டுக் கண்ணா? 

*

வீட்டில் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"தம்பிக்காக நான் கேக்கலே. நல்லா ஆடறானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நல்லாத்தான் ஆடறான்."

"அப்புறம் என்ன?"

"நான் அவன் பேரைச் சொன்னா, மச்சினனுக்காகச் சொன்னான்னு ஊரே பேசும்."

"சொல்லாம வாங்க. மச்சினன்ங்கிறதுக்காகவே சொல்லாம விட்டீங்கன்னு நான் பேசுவேன். ஊரு பேச்சா, என் பேச்சா, எதைத் தினம் கேக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

வாசற்படியில் உட்கார்ந்து அமுக்கன் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்கும் தூரம்தான். பிரஷ் ஒரு நொடி நின்றது. மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

"எட்டு வருஷமா வெயில்ல நின்னு உங்களுக்குக் கை காட்டறான். கான்ட்ராக்ட்னு ஒவ்வொரு தடவையும் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். பொண்ணு பாக்கப் போன இடத்துல, வேலை நிரந்தரமான்னுதானே முதல்ல கேட்டாங்க? அந்தப் பெயின்ட் பையனுக்கு என்ன, இன்னும் மீசையே ஒழுங்கா வரலே."

"அவனுக்கும் வீட்டுல ரெண்டு தங்கச்சிங்க இருக்கு."

"ஓ, அங்க எத்தனை பேருன்னு எண்ணிட்டீங்களா? இங்க எண்ண வேண்டாமா?"

கிரேன்காரர் எழுந்து தண்ணீர் குடித்தார். தாகமில்லை. வெளியே போய்த் தெருமுனை வரை நடந்து திரும்பினார். வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அன்றைக்கு அவள் தைத்த தையலெல்லாம் கோணல் என்று மறுநாள் அவளே பிரித்தாள்.

*

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து யார்டுக்காரர்களோடு மேட்ச். எப்போதும்போல இரண்டு கார்டையும் சேர்த்தே இறக்கினார். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துவது அமுக்கன், பாய்ந்துபோய் முடிப்பது ஸ்பிரிங். மற்ற மூன்று பேர் கிரேன் கூட்டம். கொக்கி மாட்டுகிற இருவர், ஒரு வெல்டர். ஆட்டம் சமமாகவே போனது. கடைசி நேரத்தில் அமுக்கனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது, அதற்கு மேல் ஆட முடியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்கு வர, ஒரு ஃபிட்டர் உள்ளே போனார். அமுக்கன் கிரேன்காரருக்கும் ஸ்டோர்காரருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இப்போது பந்து ஸ்பிரிங் கையில். முதல்முறையாக ஆட்டத்தை நடத்துவது அவன். மேனேஜர் வேறு வந்து ஓரமாக நிற்கிறார். எறியத்தான் தெரியும், நடத்தத் தெரியாது என்று வாரம் முழுக்கத் தன்னைப் பற்றிப் பேசியதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது. அவன் அவசரப்படவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினான். டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்திருப்பான் போல, இந்த ஆட்டம்தான் ஆடப்போகிறோம் என்று கூட்டாளிகளுக்குச் சொல்ல, இடக்கையை மூடித் தலைக்கு மேலே உயர்த்தினான்.

கிரேன் கூட்டம் நின்றது.

ஒருவன் ஓட எடுத்த காலை எடுத்தபடியே நின்றான். வெல்டர் திரும்பி வானத்தைப் பார்த்தார், மேலே எது தொங்குகிறது என்று. கொக்கி மாட்டுகிறவன் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டான். ஃபிட்டர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஸ்பிரிங்கோ, மூலைக்கு ஆள் ஓடியிருப்பான் என்ற நம்பிக்கையில் பந்தை அங்கே விட்டான். மூலையில் யாருமில்லை. பந்து கோட்டைத் தாண்டி, வேலியில் மோதி நின்றது.

"என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்று பக்கத்து யார்டிலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டமே சிரித்தது. பெயின்டர் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்து யார்டுக்காரர்கள் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டார்கள். ஆட்டம் போயிற்று.

"அண்ணே," என்றார் ஸ்டோர்காரர் மெதுவாக. "என் தொடையை விடுங்க."

கிரேன்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய இடக்கை ஸ்டோர்காரரின் தொடையைக் கொத்தாகப் பிடித்து, தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது. கேபினில் பிரேக் லீவர் இருக்கும் பக்கம் அது.

கையை எடுத்துக்கொண்டார். தூக்கிவாரிப் போட்டது. அமுக்கனைப் பார்த்தார். அவன் ஸ்பிரிங்கைப் பார்த்து எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாங்குகிறவன் கண்ணை மூடியிருந்தாலும் பாஸ் கைக்கு வருகிறது என்றால் காரணம் இதுதான். பந்து கிளம்பும் முன்பே அமுக்கனின் விரல் சொல்லிவிடுகிறது, இவர்கள் படித்துவிடுகிறார்கள். அவன் சுலபமாக எறிகிறான் என்றால், அவன் சுண்டுவிரல் அசைந்ததும் இரண்டு தடியன்கள் போய் எதிராளியை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்கள் எல்லாரும் வருஷக்கணக்காக அவன் கைக்குக் கீழ்ப்படிந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். கிரேன்காரரும்தான். இவர் எங்கே ஆட்டத்தைப் பார்த்தார்? கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் பயிற்சியில் ஆட்களை மாற்றிப் போட்டார். ஸ்பிரிங் கிரேன் கூட்டத்தோடு, அமுக்கன் பெயின்டர்களோடு. எதற்கென்று சொல்லவில்லை.

ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. அமுக்கன் விரலை அசைப்பான், பெயின்டர்கள் அவன் ஈ ஓட்டுகிறான் என்று நினைப்பார்கள். அருமையான பாஸ் ஒன்று நேராகப் போய் ஒரு பெயின்டரின் மூக்கில் விழுந்தது. "சொல்லிட்டு எறிய மாட்டியா? வாயில என்ன, பசையா?" என்று அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மறிக்க ஆளில்லாததால் அமுக்கனுக்கு எறிய இடமே கிடைக்கவில்லை. எறிந்ததும் விளிம்பில் பட்டுத் தெறித்தது. ஆனால் அவன் முன்னால் வந்தவன் ஒருவனும் கடக்கவில்லை. அதற்குச் சைகை தேவையில்லை, அது மட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு.

ஸ்பிரிங் நேற்று எப்படி எறிந்தானோ அப்படித்தான் இன்றும் எறிந்தான். பத்துக்கு நாலு. யாரோடு சேர்த்துவிட்டாலும் அவனுக்குப் பத்துக்கு நாலுதான்.

பயிற்சி முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து எதுக்குடா கையை மூடித் தூக்கினே?"

"அது நிறுத்துன்னு அர்த்தம்னு எனக்கு யாருண்ணே சொன்னா?" முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. "நாங்க தொங்குறவங்க. கயித்தை ரெண்டு தடவை இழுத்தா மேல தூக்கு. எங்களுக்கு அவ்வளவுதான் பாஷை. மூணு வருஷமா உங்ககூட ஆடறேன். நீங்கெல்லாம் கையாலயே பேசிக்கிறீங்க, ஒருத்தர்கூட எனக்குச் சொல்லித்தரலே. நான் ஏதோ மந்திரம்னுதான் நினைச்சேன்."

 சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கிரேன்காரருக்குத் தோன்றியதே இல்லை. மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பார்களா என்ன?

தலைமை அலுவலக அணியில் குமாஸ்தாக்கள் இருப்பார்கள், டிரைவர்கள் இருப்பார்கள். கிரேனைப் படத்தில் பார்த்தவர்கள். அங்கே அமுக்கனின் கையை யார் படிப்பார்கள்? ஆறு மாதம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அவனுக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஸ்பிரிங் பிழைத்துக்கொள்வான். சொல்ல வேண்டிய பேர் ஸ்பிரிங்தான். நியாயம் அதுதான்.

அப்படி முடிவுக்கு வந்து வீட்டுக்கு நடந்தவர், பாதி வழியில் நின்றார். அமுக்கன் போய்விட்டால் கிரேனுக்குக் கீழே யார் நிற்பது? புது ஆள். எப்படிப்பட்டதென்று தெரியாத கை. அந்தக் கையை நம்பிக் கப்பல் தகட்டை ஆள் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.  அப்படியானால் ஸ்பிரிங் பேரைச் சொல்வது நியாயத்துக்காகவா, தன் சிக்னல்மேனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவா? அமுக்கன் பேரைச் சொன்னால் வீட்டுக்காக. சொல்லாவிட்டால் தனக்காக. எந்தப் பக்கம் போனாலும் அங்கே தானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

 அன்று வீட்டில் அமுக்கனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை முன்னறை வரை போனார். இரண்டு தடவையும் செருப்பைத் தேடுகிற மாதிரி நடித்துவிட்டுத் திரும்பினார்.

*

வெள்ளிக்கிழமை வேலைக்கு ஏறும் முன்பே மேனேஜர் அறைக்குப் போய், "ஸ்பிரிங்," என்றார்.

"அப்படியா? அந்த அமைதியான பையனைச் சொல்வீங்கன்னு நினைச்சேன். உங்க சொந்தக்காரன்தானே?"

"ஆமா சார்."

"சரி," என்றார் மேனேஜர். அவருக்கு அவ்வளவுதான்.

யார்டில் சேதி நடப்பதில்லை, பறக்கிறது. கிரேன்காரர் ஏணியில் பாதி ஏறுவதற்குள் பெயின்டர்கள் பக்கம் டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது. மேலே போய் உட்கார்ந்து கண்ணாடி வழியே கீழே பார்த்தார். அமுக்கன் தன் இடத்தில் நின்றிருந்தான். ஸ்டோர்காரர் அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டு, மேலே நிமிர்ந்து பார்க்காமல் போனார்.

வேலை தொடங்கியது. தகடுகள் ஒவ்வொன்றாகப் போயின. தூக்கு. வலப்பக்கம். இறக்கு. எந்த வித்தியாசமும் இல்லை. அமுக்கனின் கை எப்போதும்போலத் தெளிவாக இருந்தது. அதுதான் கிரேன்காரரை அரித்தது. கல்லால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய குழாய்க்கட்டு ஒன்று நடுவானில் போய்க்கொண்டிருந்தபோது அமுக்கனின் கை மூடி உயர்ந்தது.

நிறுத்தினார். குழாய்க்கட்டு லேசாக ஆடி அடங்கியது. கீழே பார்த்தார். குழாய்க்குக் கீழே யாருமில்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். காற்றில்லை. சங்கிலி சரியாக இருந்தது. எதுவுமே இல்லை.

அமுக்கன் கையை இறக்கவில்லை. குழாயைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான்.

ஹாரனை அடித்து, என்ன என்று கேட்டிருக்கலாம். அவர் கை ஹாரனுக்குப் போகவில்லை. சங்கு ஊதியது. சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் சாப்பாட்டு அறைக்கு நடந்தார்கள். போகிற போக்கில் இரண்டு மூன்று பேர் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் போனார்கள். ஸ்பிரிங் சிரித்துக்கொண்டே ஓடி வந்தவன், அந்த மூடிய கையைப் பார்த்ததும் இருந்த இடத்தில் நின்றான். இப்போது அவனுக்கு அர்த்தம் தெரியும்.

கிரேன்காரர் பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கை மரத்தது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு கை திறந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. இறக்கு, மெதுவாக. அவர் மெதுவாக இறக்கினார்.

ஏணியில் இறங்கி வந்தபோது அமுக்கன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மாமா, நான் நல்லா ஆடலையா?"

"நல்லாத்தான்டா ஆடுனே. ஆனா அங்க உன் கையைப் படிக்க ஆள் கிடையாது. நேத்து பெயின்டருங்ககூட ஆடிப் பாத்தியே. ஆறு மாசத்துல திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அமுக்கன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"இவனுங்க மட்டும் பொறக்கும்போதே படிச்சானுங்களா? கொக்கியைத் தலைகீழா மாட்டிக்கிட்டு இருந்தவனுங்க. நான்தானே சொல்லிக்குடுத்தேன். அங்கேயும் சொல்லிக்குடுத்திருப்பேன்."

அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிக் கிரேன்காரர் கேட்டதில்லை. இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை? வாரம் முழுக்க எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தவர் இதை மட்டும் எப்படித் தாண்டிப் போனார்? வாயைத் திறந்தார். அமுக்கன் அதற்குள் நடந்துவிட்டிருந்தான்.

சாப்பாடு இறங்கவில்லை. மேனேஜர் அறை வரை போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஸ்பிரிங்கின் பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லி மேனேஜர் போனில் பேசுவது கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பினார். வாசலில் ஸ்பிரிங் எதிரே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, போறதுக்கு முன்னால அந்தக் கை பாஷையை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"என்கிட்ட ஏன்டா கேக்கிறே," என்றார் கிரேன்காரர். "அவன்கிட்ட கேளு."

மறுபடி ஏணி ஏறினார். மதிய வேலைக்கு முதல் தகடு கொக்கியில் தயாராக இருந்தது. கீழே அமுக்கன் இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றான். அவன் கை அசையும் முன்பே இவர் கை லீவருக்குப் போய்விட்டது, பழக்கம். அதைப் பின்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் முகம் படுகிற அளவுக்குக் குனிந்து, சைகை வரட்டும் என்று காத்திருந்தார்.